விசர் ராசாவின் வாசலில் ஒரு தேங்காய்

வேலை இல்லாதவன் சொல்லும் பொய்யை ஊர் மன்னித்துவிடும். பாவம், மானத்தைக் காப்பாற்றச் சொல்கிறான் என்று விட்டுவிடுவார்கள். புதிதாக வேலை கிடைத்தவன் சொல்லும் பொய் இருக்கிறதே, அதற்கு மன்னிப்பே கிடையாது. நான் சொன்னது இந்த இரண்டாவது வகை. அதையும் போயும் போயும் மாமியாரிடம் சொன்னேன். (புது மாப்பிள்ளைகள் யாராவது இதை வாசித்தால் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரவும்.)

இத்தாலியில், பலெர்மோ நகரத்தின் பொலிதேயாமா பக்கம் ஒரு வயதான சிஞ்ஞோரா, அதாவது இத்தாலிய அம்மா, வீட்டில் எட்டு வருடம் வேலை செய்தேன். கூட்டுவது, துடைப்பது, நேரத்துக்கு மருந்து எடுத்துக் கொடுப்பது, அவருடைய பூனையோடு சண்டை பிடிப்பது. நல்ல மனுசி. ஒவ்வொரு முறையும் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போது வேலைக் கடிதத்தில் முகம் சுளிக்காமல் கையெழுத்து வைப்பார். எனக்கு ஒரு குறையும் இல்லை, என் கெப்பரை, அந்த வீண் பெருமையைத் தவிர. கல்யாணம் கட்டிய பிறகு அது இன்னும் கூடிவிட்டது. யாழ்ப்பாணத்தில், கோண்டாவிலில் யாராவது மாமியிடம் "உங்கட மருமகன் என்ன வேலை?" என்று கேட்டால் அவர் என்ன சொல்லுவார், பூனை பார்க்கிறார் என்றா?

அப்போதுதான் அந்த மாளிகை வேலை வந்தது. மாளிகையின் பெயரையும் அதைக் கட்டிய ராசாவின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை. அங்கே என்னோடு வேலை செய்தவர்கள் நல்லவர்கள், அவர்களை ஏன் வம்பில் மாட்ட வேண்டும்? கதை இதுதான். முந்தின காலத்தில் சண்டைக்குப் பயந்து சொந்த ஊரை விட்டு ஓடி வந்த ராசா ஒருவர் இங்கே மலையடிவாரத்தில் ஒரு வீடு கட்டினார். மனுசன் சீனாவைக் கண்ணாலும் கண்டதில்லை, ஆனால் சீனப் பைத்தியம். கூரை சீனக் கூரை, மதில் கம்பிகளில் சின்னச் சின்ன மணிகள், சுவரெல்லாம் மீசைக்காரச் சீனர்கள். ஓர் அறையை இடிந்து விழுந்த வீடு மாதிரியே வர்ணத்தால் தீட்டச் சொல்லியிருக்கிறார். புத்தம் புது வீட்டுக்குள் பாழடைந்த அறை! எங்கள் ஆட்கள் பெயரைக் கேட்க மாட்டார்கள், "விசர் ராசாவின்ர வீடு", பைத்தியக்கார ராசாவின் வீடு என்றால்தான் எல்லாருக்கும் விளங்கும்.

அந்த வீட்டின் பெரிய அதிசயம் சாப்பாட்டு மேசை. மேசையின் நடுப்பகுதி கயிறும் உருளையும் வைத்து நிலத்துக்குள்ளே இறங்கும். கீழே குசினி. அங்கே வேலைக்காரர்கள் கோப்பைகளை நிரப்பிக் கயிற்றை இழுக்க, மேலே ராசாவுக்கு முன்னால் சாப்பாடு தானாக முளைக்கும். சமைப்பவர்களின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட வேண்டும் என்பது ராசாவின் விருப்பமாம். இப்போது அந்த இயந்திரத்தை ஓட்டுவதில்லை, சனங்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த மேசையை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. முழு அதிகாரமும் "தொடக் கூடாது" என்ற இரண்டே சொல்லுக்குள் அடங்கிவிடும். கருநீலக் கோட்டு ஒன்று தந்தார்கள். அது எனக்கு முதல் இருந்த பெரிய உடம்புக்காரருடையது. கையை இரண்டு மடிப்பு மடித்துத்தான் என் விரல்களைக் கண்டுபிடித்தேன்.

ஒரு மாதம் பரீட்சைக் காலம். அது முடிந்தால் ஒப்பந்தம். ஒப்பந்தம் கிடைத்தால் அந்த முறை பெர்மெஸ்ஸோவை அதை வைத்தே புதுப்பிக்கலாம். நான் பரீட்சை முடியும் வரைகூடப் பொறுக்கவில்லை, சிஞ்ஞோராவிடம் "இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். என் மனைவி வசந்தி தலையிலே கை வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, கையிலை ஒண்டு வந்தாப் பிறகு மற்றதை விடுங்கோவன்!"

"உமக்கு உது விளங்காது, பேசாமல் இரும்," என்றேன். (விளங்காமல் இருந்தது யாருக்கு என்பது பின்னால் வரும்.)

அந்தச் சமயத்தில்தான் மாமி மூன்று மாத விசாவில் எங்களைப் பார்க்க வந்தார். வருவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டிருந்தார்.

"தம்பி, புது வேலை எண்டு பிள்ளை சொன்னவள். அங்கை உங்களுக்கு என்ன வேலை?"

ஒரு மேசைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் அப்படி வளைந்தால்தானே!

"அரண்மனை முழுக்க என்ர பொறுப்பிலைதான் மாமி. திறக்கிறது, பூட்டுறது, ஆக்களை வைச்சு வேலை வாங்கிறது, எல்லாம் நான்தான்."

"முருகா!" என்றார் மாமி. அந்த ஒரு சொல்லில் கோண்டாவில் முழுவதற்கும் செய்தி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அப்போது எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை.

மாமி மலைக்கு நேர்த்திக்கடன் வைத்திருந்தார். மாளிகைக்கு மேலே இருக்கும் மலையில் சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயில் இருக்கிறது. பலெர்மோத் தமிழருக்கு அவ கிட்டத்தட்டக் குலதெய்வம் மாதிரி. சைவம், வேதம் (கிறிஸ்தவத்தைத்தான் அப்படிச் சொல்லுவோம்) என்று பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் வெறுங்காலோடு ஏறிப் போவோம். மாமியின் நேர்த்தி என்னவென்றால், மருமகனின் வேலை நிரந்தரமாக வேண்டும், அதற்கு ஒரு தேங்காய். அவர் போகக் குறித்த ஞாயிறு என் பரீட்சை மாதத்தின் கடைசி நாள். முன்கூட்டியே சொல்லி வைத்தேன்.

"மாமி, மலைக்குப் போட்டு நேரை வீட்டை போங்கோ. அரண்மனைப் பக்கம் வராதேங்கோ, அண்டைக்கு எனக்குச் சரியான வேலை."

"நான் ஏன் தம்பி உங்கட வேலையிடத்துக்கு வந்து கரைச்சல் தரப் போறன்?" என்றார். மனதறிந்து சொன்ன பொய் இல்லை அது. தேங்காய்தான் அதைப் பொய்யாக்கியது.

மலையில் மெழுகுதிரி கொளுத்தலாம், பூ வைக்கலாம், அழுதும் கும்பிடலாம். தேங்காய் உடைக்க மட்டும் அங்கே இடமில்லை. கூடப் போன வசந்தியும் பலெர்மோத் தமிழ்ச் சனமும் "இஞ்சை உடைக்கிறேல்லை அம்மா" என்று சொல்ல, மாமி தேங்காயை மடியில் வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார். நேர்ந்த தேங்காயை உடைக்காமல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. நடுத் தெருவில் உடைக்கவும் மனம் வரவில்லை. அப்போது அவருக்கு ஒரு வழி தோன்றியிருக்கிறது. யாருக்காக நேர்ந்தோமோ அவருடைய வாசலில் உடைத்தால் தாய் ஏற்றுக்கொள்ளுவா. மருமகனின் வாசல் எது? அதுதான் அரண்மனை முழுக்க மருமகனின் பொறுப்பாச்சே!

அன்றைக்கு மாளிகைக்கு இலவச அனுமதி நாள் வேறு. மத்தியானம் பன்னிரண்டு மணியளவில், நான் மேசைக்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நிற்கிறேன். எங்கள் பொறுப்பாளரான அம்மாவை எல்லாரும் தொத்தோரெஸ்ஸா என்று கூப்பிடுவோம். அவர் யாரோ பெரிய இடத்து விருந்தாளிகள் இரண்டு பேரோடு வாசல் மண்டபத்தில் கதைத்துக்கொண்டிருந்தார். அப்போது அடுத்த அறையிலிருந்து தமிழ் கேட்டது.

"பிள்ளை, இஞ்சை பார், சுவரெல்லாம் வெடிச்சு, காரை விழுந்து கிடக்கு. பொறுப்பெடுத்தும் தம்பி இதைக் கவனிக்கேல்லையே?"

"அம்மா, அது கீறின படம். ராசா அப்பிடிக் கீறச் சொன்னவராம்," என்றது வசந்தியின் குரல்.

"என்ன கீறினதோ, ஒருக்கால் வெள்ளை அடிச்சுவிட்டால் வடிவாயிருக்கும்."

பதினான்கு பேர் வரிசையாக உள்ளே வந்தார்கள். அத்தனை பேரும் வெறுங்கால், நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் வெயில். முன்னால் மாமி, மாம்பழக் கலர் சீலையில். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்த விதத்தை இப்போது நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். அப்போது நின்று பார்க்கவில்லை. அப்போது நான் யன்னல் திரைப் பக்கம் திரும்பி நின்று அதன் குஞ்சங்களை எண்ணினேன்.

வசந்தி மேசையின் கதையைத் தாய்க்குச் சொன்னாள். மாமி நிலத்தில் இருந்த வெட்டைக் குனிந்து பார்த்தார்.

"சமைச்ச ஆளின்ர முகத்தைப் பாக்காமல் சாப்பிட்டவனோ? அவனுக்குச் செமிச்சிருக்காது," என்றார்.

பிறகு என் பக்கம் வந்தார். நான் உதட்டை அசைக்காமல், "மாமி, போங்கோ, பிறகு கதைப்பம்," என்றேன்.

"ஓம் ஓம், நீங்கள் வேலையைப் பாருங்கோ தம்பி. வாசலிலை ஒரு சின்ன அலுவல், முடிச்சுட்டுப் போறன்."

கழிவறையைத்தான் சொல்கிறார் என்று நினைத்துப் பெருமூச்சு விட்டேன். அந்த மூச்சு முழுதாக வெளியே வருவதற்குள் கேட்டது ஒரு சத்தம்.

கோயிலில் ஆயிரம் சனத்துக்கு நடுவே தேங்காய் உடைந்தால் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விறைத்த பளிங்கு மண்டபத்தின் வாசல் படியில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில், நேர்த்தியின் முழுப் பலத்தோடு உடைந்தால் அது வேறு சத்தம். ஒரு பெண் வீரிட்டாள். கமெராவோடு நின்ற ஒருவர் குப்புறப் படுத்தேவிட்டார். நான் ஓடிப் போய்ப் பார்க்கிறேன், படி வழியாகத் தேங்காய்த் தண்ணீர் ஓடுகிறது. ஒரு பாதி படியிலேயே கிடக்கிறது, மறுபாதி மேலே தெறித்து மண்டபத்துக்குள் உருண்டு உருண்டு போய்த் தொத்தோரெஸ்ஸாவின் சப்பாத்தில் முட்டி நிற்கிறது. மாமி நடுப்படியில் கற்பூரம் கொளுத்தி வைத்து, மலையைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். என்னைக் கண்டதும் சீலை முடிச்சிலிருந்து திருநீற்றை எடுத்து, "வாங்கோ தம்பி, நெத்தியைக் காட்டுங்கோ," என்று இரண்டு படி ஏறி வந்தார்.

தொத்தோரெஸ்ஸா என் பக்கம் திரும்பினார். அவர் கோபமாகக் கேட்டார் என்று எழுதினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவர் சிரித்துக்கொண்டல்லவா கேட்டார்!

"சிவா, இவர்கள் உன்னுடைய ஆட்களா? இது உங்கள் வழக்கமா?"

ஓம் என்று சொல்லியிருந்தால் போதும். விருந்தாளிகளுக்கு அதையும் ஒரு புதினமாகக் காட்டியிருப்பார். ஆனால் என் கண்ணுக்கு அந்த நேரம் மாமி தெரியவில்லை, நாளைய ஒப்பந்தம் மட்டும்தான் தெரிந்தது. தலை இடமும் வலமும் ஆடியது, வாய் தன்பாட்டில் திறந்தது.

"இல்லை, தொத்தோரெஸ்ஸா. இவர்களை எனக்குத் தெரியாது. ஒருநாளும் கண்டதில்லை."

என் நிறத்தில் பதினான்கு பேர் நிற்கிறார்கள். அதில் ஒருவர் எனக்குத் திருநீறு பூசக் கையை நீட்டியபடி நிற்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்கிறவனிடம் குறைந்தது ஒரு கோப்பை சோறாவது இருக்கும். என்னிடம் அதுவும் இல்லை.

மாமிக்கு இத்தாலியன் தெரியாது. வசந்திக்குத் தெரியும். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். கோபப் பார்வை என்றால் எனக்குப் பழக்கம், தாங்கிக்கொள்ளுவேன். இது பஸ்ஸில் தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. பிறகு தொத்தோரெஸ்ஸாவிடம் நல்ல இத்தாலியனில் சொன்னாள்:

"மன்னித்துக்கொள்ளுங்கள் சிஞ்ஞோரா. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் இங்கே வேலை செய்கிறார் என்று நினைத்து வந்தோம். ஆள் மாறிவிட்டது."

"என்னவாம் பிள்ளை?" என்று மாமி கேட்டார்.

"வேலை நேரத்திலை அவர் கதைக்கக் கூடாதாம் அம்மா."

"அது சரிதானே," என்று மாமி திருநீற்றை மறுபடி முடிந்துகொண்டார். குனிந்து சிரட்டைத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஈரத்தைத் தன் துவாயால் துடைத்தார். கற்பூரம் எரிந்த இடத்தைக் கையால் தேய்த்துப் பார்த்தார். நான் ஒரு துண்டைக்கூடப் பொறுக்கவில்லை. தெரியாதவர்களின் தேங்காய் அல்லவா! பதினான்கு பேரும் சரளைக் கல்லில் வெறுங்காலோடு நடந்து வெளியே போனார்கள். மாமி கொஞ்சம் நொண்டினார். மலைக் கல் குத்தியதா சிரட்டை குத்தியதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சரி, தப்பினேன் என்று மறுபடியும் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். வெட்கம் கெட்டவனுக்கு எல்லாம் சுகம் என்பார்கள். எனக்கு அந்தச் சுகம் அரை மணி நேரம்தான் கிடைத்தது.

தொத்தோரெஸ்ஸா விருந்தாளிகளை மேசை பார்க்கக் கூட்டி வந்தார். அவர்களுக்குப் பின்னால் டிக்கட் மேசையில் இருக்கும் பீனா ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பீனா நல்ல மனம், பெரிய குரல், இரண்டையும் அடக்கத் தெரியாதவள்.

"சிவா! உன் மாமியார் எவ்வளவு அருமையான மனுசி! உள்ளே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்றேன், உனக்குக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்துவிட்டுப் போனார். ஒரு சொல் இத்தாலியன் இல்லை, எல்லாம் கையாலேயே விளங்கப்படுத்தினார். உன்னுடைய கல்யாணப் படத்தையும் காட்டினார். தொத்தோரெஸ்ஸா, நீங்களும் பாருங்கள், என் போனில் எடுத்து வைத்திருக்கிறேன். தலைப்பாகையோடு! இந்த வீட்டு ராசா தோற்றுப்போவான்!"

படத்தில் நான் பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக ராசா மாதிரித்தான் இருந்தேன். பக்கத்தில் மாமி, அதே மாம்பழக் கலர் சீலையில்.

தொத்தோரெஸ்ஸா அந்தப் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். விருந்தாளிகளை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பிறகு வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"தேங்காயைக் கூட்டி அள்ளிவிடலாம் சிவா. அவர்களே துடைத்தும்விட்டார்கள். ஆனால் இந்த அறையில் ஒருவரை நிறுத்துவது எதற்காக? கண்டதைக் கண்டேன் என்று சொல்வதற்காக. முன்னால் நின்ற மாமியாரையே காணாத கண், நாளைக்கு மேசையைத் தொட்டவனைக் காணுமா?"

கோட்டைக் கழற்றி மடித்துக் கொடுத்தேன். உடை மாற்றும் அறையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். வாழையிலை கிடைக்காத ஊரில் இரண்டு மடிப்பு அலுமினியத் தாளில் புட்டும், கத்தரிக்காய்ப் பால்கறியும், தனியாக ஒரு சின்னப் போத்தலில் மாங்காய்ச் சம்பலும். எனக்குச் சம்பல் புட்டோடு கலக்கக் கூடாது என்பது மாமிக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. மலைக்குப் போகிற நாளில் விடிய எழும்பி அவித்திருக்கிறார். யாருமில்லாத அறையில், சமைத்தவரின் முகத்தைப் பார்க்காமல் முழுவதையும் சாப்பிட்டேன். அன்று எனக்குச் செமிக்கவில்லை.

கால்சாப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு நான் போனபோது பின்னேரமாகிவிட்டது. மாமி காலைச் சுடுதண்ணீரில் வைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எப்பிடி? தேங்காய் நேரை ரெண்டாய்ப் பிளந்தது, கண்டனீங்கள்தானே. வேலை சரிவந்திட்டுதோ?"

சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் ஒரு பொய் தயாராக நாக்கு நுனியில் வந்து நின்றது. வசந்தி குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அந்த நிலையைப் பார்த்து நாக்கு பின்வாங்கிவிட்டது.

"வேலை கையை விட்டுப் போட்டுது மாமி. அரண்மனை ஒண்டும் என்ர பொறுப்பு இல்லை, நான் மேசைக்குப் பக்கத்திலை நிக்கிற ஆள். அதோடை..." தொண்டையைச் செருமினேன். "அதோடை, உங்களைத் தெரியாது எண்டு அவவுக்குச் சொல்லிப்போட்டன்."

மாமி காலைத் துடைத்தார். அவசரமில்லாமல் ஒரு கால், பிறகு மற்றக் கால்.

"அது எனக்கு அங்கையே விளங்கினது தம்பி. நீங்கள் தலையாட்டின விதத்திலை," என்றார். பிறகு, "கத்தரிக்காய்க்கு உப்புக் காணுமோ? ருசி பாக்காமல் இறக்கினனான்," என்றார்.

திட்டியிருக்கலாம். என் அப்பாவாக இருந்தால் விளக்குமாறு பறந்திருக்கும், அதோடு முடிந்தும் போயிருக்கும். நான் "காணும் மாமி" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். அழுதீர்களா என்று வசந்தி பிறகு கேட்டாள். சவர்க்காரம் கண்ணுக்குள் போட்டுது என்றேன்.

அடுத்த நாள் காலையில் சிஞ்ஞோரா வீட்டு வாசலில் போய்த் தலையைச் சொறிந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் துடைப்பத்தைக் கையில் தந்தார், பூனைதான் ஒரு வாரம் என்னோடு கதைக்கவில்லை. வேலை முடிந்து வந்து வீட்டுக் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது.

"ஆர் அது? தெரிஞ்ச ஆக்களோ?"

வசந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஒன்றரை நாளுக்குப் பிறகு சிரித்ததால் நானும் வெளியே நின்றபடி சிரித்தேன். அன்றோடு அது எங்கள் குடும்பச் சொத்தாகிவிட்டது. நான் உப்பைக் கேட்டால், "நீங்கள் ஆரெண்டு தெரியேல்லையே" என்பாள் வசந்தி. சாமத்திய வீடு, கல்யாண வீடு எங்கே போனாலும் அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் வந்து கையை நீட்டி, தன் பெயரைச் சொல்லித் தன்னை எனக்கு அறிமுகப்படுத்துவார்.

மாமி இப்போது கோண்டாவிலில் இருக்கிறார். வாரத்துக்கு இரண்டு தடவை வீடியோவில் கோல் எடுப்பார். எடுத்ததும் சுகம் விசாரிப்பதில்லை. திரையில் நெற்றி மட்டும் தெரிய, முதலில் கேட்பது அதைத்தான்.

"தம்பி, என்னைத் தெரியுதோ?"

காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது என்கிறார், அதனால் பதிலைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். (மந்தமா, நடிப்பா என்பதை நான் ஆராயப் போவதில்லை.) போன மாதம் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் அலுவலகத்தில் பெர்மெஸ்ஸோ வரிசையில் நிற்கும்போது அழைப்பு வந்தது. முன்னுக்கும் பின்னுக்கும் பத்து நாட்டுச் சனம், வாசலில் பொலிஸ்காரர். அழைப்பை வெட்டியிருக்கலாம். நான் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் கத்தினேன்:

"ஓம் மாமி! தெரியுது! நல்லாத் தெரியுது!"

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொலிஸ்காரர் கிட்ட வந்து, யார் அது என்று கேட்டார். நான் போனை அவர் பக்கம் திருப்பிக் காட்டி, அவருக்கு விளங்கும் பாஷையில், "என் மாமியார்," என்றேன். திரையில் மாமியின் நெற்றி கொஞ்சம் கீழே இறங்கி முழு முகமும் தெரிந்தது. அவர் பொலிஸ்காரருக்கு வணக்கம் சொன்னார்.